39.17 மெகாஹெர்ட்ஸில் வந்த தெய்வ வாக்கு

பீட்டர் பாப்பாஃப் மேடையில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்தப் பெயர்க்காரர் திகைத்துப்போய் எழுந்து நிற்பார். அவர் குடியிருக்கும் தெரு, வீட்டு எண், உடம்பை வாட்டும் நோய் என்று ஒவ்வொன்றாக மேடையிலிருந்து வரும். கையில் சீட்டு கிடையாது, குறிப்பு கிடையாது. எல்லாம் ஆண்டவர் வெளிப்படுத்துவது என்பார். பிறகு நெற்றியில் கை வைத்து ஜெபிப்பார். நோயாளி பின்னால் சாய்வார், தயாராக நிற்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள். சிலர் மாத்திரைக் குப்பிகளை மேடையை நோக்கி வீசுவார்கள். இனி அவை எதற்கு? 1980களின் நடுவில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்த சுகமளிக்கும் ஊழியர்களில் இவரும் ஒருவர்.

இந்தக் கூட்டங்களை ஜேம்ஸ் ராண்டி கவனிக்கத் தொடங்கினார். 1928இல் கனடாவின் டொரொண்டோவில் பிறந்த ராண்டி விஞ்ஞானி அல்ல. பூட்டிய பெட்டியிலிருந்தும் கைவிலங்குகளிலிருந்தும் தப்பித்துக் காட்டிப் பிழைத்த மேஜிக் நிபுணர். அவருடைய ஆட்கள் பாப்பாஃபின் காதுக்குள் ஒரு சிறு கருவி இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். காது கேளாதவர்களைக் கேட்கவைக்கிறவருக்கே காதில் கருவி எதற்கு? 1986இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கூட்டத்துக்கு, மின்னணுவியல் தெரிந்த அலெக் ஜேசன் என்ற தடயவியல் நிபுணர், ரேடியோ அலைகளைத் துழாவும் ஸ்கேனர் ஒன்றை மறைத்து எடுத்துச் சென்றார். 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல் சிக்கியது. பெயர், முகவரி, நோய் என்று அந்தக் குரல் சொல்லச் சொல்ல, அடுத்த நொடி அதையே பாப்பாஃப் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். பேசியவர் அவருடைய மனைவி எலிசபெத்.

தகவல் திரட்டியதில் மாயமே இல்லை. கூட்டம் தொடங்கும் முன்பு எலிசபெத்தும் உதவியாளர்களும் வந்தவர்களோடு அன்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள். ஜெப அட்டைகளை நிரப்பச் சொல்லி வாங்குவார்கள். துன்பத்தில் இருப்பவர் யாரிடமாவது சொல்லி அழ மாட்டோமா என்றிருப்பார். அரைமணி நேரத்துக்கு முன் தானே எழுதிக் கொடுத்தது, தானே சொன்னது, மேடையிலிருந்து திரும்பி வரும்போது அவருக்கு அது தெய்வ வாக்காகக் கேட்கிறது. சக்கர நாற்காலி வித்தை இன்னும் எளிது. நடந்தே வந்த முதியவர்களை உபசரிப்பதுபோல் நாற்காலியில் உட்காரவைத்து முன்வரிசைக்குத் தள்ளிப்போவார்கள். பிறகு எழுந்து நடக்கச் சொல்வார்கள், அவர் நடப்பார். அரங்கம் அதிரும். நிஜமாகவே நடக்க முடியாமல், சொந்த நாற்காலியில் வந்தவர்கள் பக்கம் பாப்பாஃப் போவதில்லை.

ராண்டியின் குழுவில் டான் ஹென்விக் என்றொருவர் இருந்தார். ஆண். டெட்ராய்ட் நகரக் கூட்டத்துக்குப் பெண் வேடமிட்டுப் போய் உட்கார்ந்தார். அவருக்கு இருந்த கர்ப்பப்பைப் புற்றுநோயை பாப்பாஃப் அன்றே குணப்படுத்திவிட்டார்.

1986இல், ஜானி கார்சன் நடத்திய, நாடே பார்க்கும் இரவு நிகழ்ச்சியில் ராண்டி பாப்பாஃப் கூட்டத்தின் ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினார். முதலில் மனைவியின் குரல் இல்லாமல், பிறகு குரலோடு. கடவுள் 39.17 மெகாஹெர்ட்ஸில்தான் பேசுவார், அதுவும் எலிசபெத் பாப்பாஃபின் குரலில் பேசுவார் என்பது இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கேலி செய்தார். பாப்பாஃப் தரப்பு முதலில் மறுத்தது. பிறகு, ரேடியோ இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றது. மறு வருடமே பாப்பாஃப் திவால் மனு கொடுத்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1990களின் பிற்பகுதியில் அவர் தொலைக்காட்சிக்குத் திரும்பினார். இம்முறை "அற்புத ஊற்று நீர்" பொட்டலம். கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள், பின்னாலேயே காணிக்கை கேட்டுக் கடிதங்கள் வரும். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மறுபடி கடை விரிக்கவும் கொள்வார் இருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் பகுத்தறிவாளர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. அம்பலப்படுத்துவது வேறு, தொழிலை ஒழிப்பது வேறு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இதற்கு ஏன் ஒரு வித்தைக்காரர் தேவைப்பட்டார்? பேராசிரியர்கள் எங்கே போனார்கள்? போனார்கள், சோதித்தார்கள், ஏமாந்தார்கள் என்பதுதான் பதில். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் எதிர்கொள்வது இயற்கையை. இயற்கை புதிர் போடும். ஆனால் நீங்கள் திரும்பிப் பார்க்கும் நேரம் பார்த்துக் கரண்டியை வளைத்து வைக்காது. எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே ஏமாற்றுவார் என்ற எண்ணமே விஞ்ஞானியின் பயிற்சியில் இல்லை. வித்தைக்காரருக்கோ பிழைப்பே அதுதான்.

இதை நிரூபிக்க ராண்டி ஒரு குறும்பு செய்தார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு, விமானத் தொழிலதிபர் ஜேம்ஸ் மெக்டொனல் 5 லட்சம் டாலர் கொடுத்து, மனோசக்தி ஆராய்ச்சிக்கென ஒரு கூடம் அமைக்க உதவினார். பீட்டர் பிலிப்ஸ் என்ற இயற்பியலாளர் பொறுப்பேற்றார். ஸ்டீவ் ஷா, மைக்கேல் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் மனோசக்தி உள்ளவர்களாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் மேஜிக் பழகியவர்கள், ராண்டியின் ஆட்கள். மனோசக்தியால் வளைக்க வேண்டிய கரண்டியில் கட்டியிருக்கும் எண் அட்டையை மாற்றிவிடுவது, கண் அயரும்போது கையால் வளைத்துவிடுவது போன்ற சில்லறை வேலைகளே போதுமானதாக இருந்தன. இதில் அழகான பகுதி வேறு. சோதனைகளில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று ராண்டி முன்கூட்டியே பிலிப்ஸுக்குக் கடிதம் எழுதி, உதவிக்கு வருவதாகவும் சொல்லியிருந்தார். "இது தந்திரமா?" என்று யாராவது நேராகக் கேட்டால், ஆமாம் என்று உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் இளைஞர்களுக்கு இட்ட கட்டளை. யாரும் கேட்கவில்லை. 1983இல் ராண்டியே செய்தியாளர்களை அழைத்துச் சொன்னார்.

ஆனாலும் எல்லோரையும் மோசடிக்காரர் என்று தள்ளிவிட முடியாது. தன் சக்தியைத் தானே மனமார நம்புகிறவர்கள்தான் பெரும்பாலோர் என்பது என் எண்ணம். அவர்களைச் சோதிக்க ஸ்கேனர் உதவாது. அத்தகைய சோதனைக்கு முன்னோடி, மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேதான்.

1853இல் இங்கிலாந்து முழுக்க ஆவி மேசை மோகம். வட்டமாக உட்கார்ந்து மேசைமேல் கை வைத்தால் மேசை தானாக நகர்ந்தது, சுழன்றது. நகர்த்தியவர்கள் நல்ல மனிதர்கள். பொய் சொல்லும் நோக்கம் இல்லாதவர்கள். ஃபாரடே அவர்களோடு வாதாடவில்லை. பல அட்டைகளை அடுக்கி, இடையிடையே இளகிய பசை வைத்து, கைக்கும் மேசைக்கும் நடுவில் வைத்தார். மேசை முதலில் நகர்ந்தால் அடி அட்டை முந்தும். கை தள்ளியிருந்தால் மேல் அட்டை முந்தும். மேல் அட்டைதான் முந்தியது. அடுத்து, கை பக்கவாட்டில் அழுத்துவதை உடனுக்குடன் காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தி, அதை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். முள் தெரிந்ததும் மேசை அசைவதை நிறுத்திவிட்டது. மனம் எதிர்பார்ப்பதைக் கை தானறியாமல் செய்துவிடுகிறது. நம்மூரில் கவட்டைக் குச்சியும் தேங்காயும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் கையில் நடப்பதும் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. குச்சி நிஜமாகவே திரும்புகிறது.

ஃபாரடேயின் வழியில் வந்த பிற்காலச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி செய்தது. உடலைத் தொடாமலே, அதைச் சுற்றியுள்ள "ஆற்றல் புல"த்தைக் கையால் உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் சிகிச்சை முறை ஒன்று அங்கே செவிலியர்களிடையே பரவியிருந்தது. இது நோயைக் குணமாக்குகிறதா என்று எமிலி கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் பல வருட ஆராய்ச்சி ஆகியிருக்கும். அந்தப் புலத்தை உங்களால் உணர முடிகிறதா என்று மட்டும் கேட்டாள். ஓர் அட்டைத் தடுப்பு, அதில் இரண்டு துளைகள். சிகிச்சையாளர் துளைகள் வழியே இரு கைகளையும் நீட்டி வைக்க வேண்டும். எமிலி நாணயம் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். 21 பேர், மொத்தம் 280 முறை. சரியான விடை 123. அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே 140 வந்திருக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தொடங்கிய வேலை, 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரையாக வந்தபோது அவளுக்கு வயது 11.

குறி சொல்வதன் அடிப்படையையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பலன் என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 5க்கு 4.26. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாசகங்கள் பெட்டிக்கடை ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ரே ஹைமன் என்ற இன்னொரு உளவியலாளர் இளமையில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். ரேகை உண்மை என்று நம்பவும் செய்தார். ஒரு மேஜிக் நண்பர், ரேகை சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார் என்றார். சொன்னார். வந்தவர்கள் முன்போலவே மெய்சிலிர்த்துப் போனார்கள். ஹைமன் ரேகையை விட்டுவிட்டு மனத்தைப் படிக்கக் கிளம்பிவிட்டார்.

வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி பார்க்கப் போனவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். சரியான ஏடு கிடைக்கும்வரை எத்தனை கேள்விகள்! அம்மா பெயர் "ல"வில் தொடங்குமா, அப்பாவுக்கு அரசு வேலையா, கூடப் பிறந்தவர்கள் இரண்டா என்று வரிசையாக வரும். "இல்லை" என்ற ஒவ்வொரு பதிலும் ஒரு தகவல். வெளியே வந்து மற்றவர்களிடம் சொல்லும்போது தவறிய ஏடுகள் மறந்துபோகும். பொருந்திய ஏடு மட்டும் நிற்கும்.

ஆக, சோதனையில் கெட்டிக்காரத்தனம் முக்கியமில்லை. எது நடந்தால் தேர்ச்சி, எது நடந்தால் தோல்வி என்பதை இரு தரப்பும் முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுவதுதான் முக்கியம். அபூர்வ சக்தியை நிரூபித்துக் காட்டுபவருக்கென்று ராண்டி 1964இல் 1,000 டாலரோடு தொடங்கிய பரிசு 1996இல் 10 லட்சம் டாலர் ஆனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2015இல் மூடும்வரை முதல் கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. சோதனைக்கு முன் நிபந்தனைகளுக்குச் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டு, தோற்றபின் காரணம் தேடுவது அங்கே வாடிக்கை.

இந்தப் பரிசு யோசனையில் நம் பக்கத்தவர் ஒருவர் அமெரிக்கர்களோடு தோளோடு தோள் நின்றார். டாக்டர் ஆபிரகாம் கோவூர், 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தவர். தாவரவியல் ஆசிரியராக 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வந்து, பிறகு இலங்கையிலேயே தங்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு வேதாகம வகுப்பையும் கொடுத்தார்களாம். தேர்வில் பிள்ளைகள் அனைவரும் தேறினார்கள். மறு வருடம் அந்த வகுப்பு அவருக்கு இல்லை. மதிப்பெண் பிரமாதம், பிள்ளைகளுக்குப் பக்திதான் போய்விட்டது என்று அதிபர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் படித்த நாட்களில் ஊருக்குத் திரும்பும்போது, வழியில் ரயில் நிலையக் குழாயில் பிடித்த தண்ணீரைக் கங்கை தீர்த்தம் என்று கொடுத்ததாகவும், அதைக் குடித்தவர்கள் நோய் தீர்ந்ததாகச் சொன்னதாகவும் அவரே எழுதியிருக்கிறார். மருந்து ஆராய்ச்சியில் வெற்று மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்களே, அதற்குச் சொந்தக்காரச் சோதனை இது.

1963இல் அவர் ஒரு லட்ச ரூபாய் சவால் விட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும். அல்லது கேட்ட பொருளை வெறுங்கையில் வரவழைக்க வேண்டும். அல்லது தண்ணீர்மேல் நடக்க வேண்டும். இப்படி ஒரு பட்டியலே உண்டு. அதில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். விளம்பரத்துக்காக வருகிறவர்களைத் தடுக்க முன்பணம் கட்ட வேண்டும் என்று வைத்தார். 1978இல் அவர் இறக்கும்வரை பணம் பத்திரமாக இருந்தது. பேய் வீடு என்று கூப்பிட்ட இடங்களுக்கெல்லாம் போனார். கல் விழும் வீட்டில் கல்லை எறியும் கை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, மனத்துயரத்தில் இருக்கும் யாராவது ஒருவருடையதாக இருந்தது. அவர் அந்த நபரைக் காட்டிக்கொடுத்துக் கைதட்டல் வாங்காமல் சிகிச்சை அளித்தார். கோவூரிடம் நான் மதிப்பது இதைத்தான். அவருடைய நோயாளிக் குறிப்புகளில் ஒன்று 1973இல் "மறுபிறவி" என்ற தமிழ்ப் படமாகவும் வந்தது.

கோவூருக்குப் பின் அந்தச் சவாலைக் கையிலெடுத்தவர் பி. பிரேமானந்த். கோழிக்கோட்டுக்காரர், கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009இல் அங்கேயே மறைந்தார். ஊர் ஊராகப் போய் "அற்புதங்களை"ச் செய்து காட்டி, உடனே செய்முறையையும் சொல்லிக்கொடுத்தார். தீக்குச்சி இல்லாமல் ஹோமம் பற்றவைக்க, குண்டத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தூவி, நெய்போல் கிளிசரினை ஊற்றினால் போதும். வெட்டிய எலுமிச்சையில் ரத்தம் வடிய, கத்தியில் மெத்தில் ஆரஞ்சு தடவியிருந்தால் போதும். அமிலம் பட்டதும் சிவந்துவிடும். விபூதி, முன்கூட்டியே உருண்டையாக்கி விரலிடுக்கில் ஒளித்து வைத்தது. 1986இல் அவர் போட்ட ஒரு வழக்கு வேடிக்கையானது. புட்டபர்த்தி சாயிபாபா வெறுங்கையில் தங்கம் வரவழைப்பது உண்மையானால், அது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தங்கம் உற்பத்தி செய்த குற்றம் அல்லவா என்று நீதிமன்றத்துக்குப் போனார். மனு தள்ளுபடியானது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தினரும் பகுத்தறிவாளர்களும் "மந்திரமா தந்திரமா" என்று நடத்தும் நிகழ்ச்சிகளில் இன்றும் அதே எலுமிச்சையும் அதே கத்தியும் வருகின்றன.

எல்லாம் சரி, எனக்கு நிஜமாகவே வலி போனதே என்று கேட்பவருக்கு என்ன பதில்? போயிருக்கும். கூட்டத்தின் ஆரவாரத்திலும் எதிர்பார்ப்பிலும் உடல் தன் வலிநிவாரணிகளைத் தானே சுரக்கிறது. சில மணி நேரம் வலி தெரியாது. பல நோய்கள் ஏறி இறங்கும் இயல்புள்ளவை. மிக மோசமான நாளில்தான் நாம் தாயத்துக்கு ஓடுகிறோம். அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தணியும். பேர் தாயத்துக்குப் போகிறது.

வலி போவதும் நோய் போவதும் ஒன்றல்ல என்பதை வில்லியம் நோலன் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். கேத்ரின் குல்மன் என்ற புகழ்பெற்ற ஊழியக்காரரின் கூட்டத்தில் சுகம் பெற்றதாகச் சாட்சி சொன்னவர்களில் 23 பேரைப் பின்தொடர்ந்து விசாரித்தார். உடலுறுப்பைப் பாதித்த நோய் ஒருவருக்குக்கூடக் குணமாகியிருக்கவில்லை. முதுகெலும்புவரை புற்றுநோய் பரவிய ஒரு பெண், மேடையில் முதுகுப்பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அங்குமிங்கும் ஓடிக் காட்டியிருந்தார். மறுநாளே அவருடைய முள்ளெலும்பு ஒன்று நொறுங்கியது. நான்கு மாதங்களில் இறந்துபோனார். குல்மன் ஏமாற்றுக்காரர் என்று நோலன் சொல்லவில்லை. அந்த அம்மையார் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார் என்றே கருதினார். அது அந்தப் பெண்ணின் எலும்பைக் காப்பாற்றவில்லை.

பிரார்த்தனையையே நேரடியாகச் சோதித்ததும் உண்டு. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 2006இல் வெளியான ஆய்வில், 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 நோயாளிகள் பங்கேற்றார்கள். தமக்காக யாரேனும் ஜெபிப்பார்களா இல்லையா என்பது தெரியாத இரு பிரிவினரில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. வித்தியாசம் இல்லை. தமக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 விழுக்காடு. தனக்கு அவ்வளவு மோசமா என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

நம் நாட்டில் இதற்கென 1954ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அதன் வரையறைக்குள் வருகின்றன. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, காசநோய், பக்கவாதம் உட்பட 54 நோய்களை அது பட்டியலிடுகிறது. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தாலே முதல் முறை 6 மாதம் வரையிலும், மறுமுறை ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. ஆனால் சட்டத்தின் பிடி விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது. மேடையில் நடப்பதை அது தொடுவதில்லை.

அதனால் வீட்டில் இருப்பவர்கள்தான் விழித்திருக்க வேண்டும். உங்கள் அம்மாவோ மாமாவோ இப்படி ஒரு கூட்டத்துக்குப் போவதாக இருந்தால், கடவுள் உண்டா இல்லையா என்று அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தச் சண்டையில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. கூடவே போங்கள். நிரப்பச் சொல்லும் அட்டையில் என்ன எழுதிக் கொடுக்கிறார்கள், யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். குணமாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால், ரொம்ப சந்தோஷம், ஒரு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து டாக்டரிடமும் காட்டிவிடுவோம் என்று அழைத்துப் போங்கள். இன்சுலினையும் வலிப்பு மாத்திரையையும் காசநோய் மாத்திரையையும் மட்டும், மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்த விட்டுவிடாதீர்கள்.